சத்தமில்லாத வண்டியில் கேட்டது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், கொட்டகையில் நிற்கும் காரும் சுகம். அங்கே உன் உடம்பும் மாப்பிள்ளையின் உடம்பும் எப்படி இருக்கின்றன என்று நீயாகச் சொன்னால்தான் உண்டு. நேற்று போனில் பார்த்தபோது கன்னம் ஒட்டிப்போன மாதிரி தெரிந்தது. கேமரா அப்படிக் காட்டுகிறது என்றாய். எந்தக் கேமராவும் என் கன்னத்தை ஒட்டவைத்துக் காட்டியதில்லை, அதனால் வேளைக்குச் சாப்பிடு. நேற்றுப் பேசியவள் இன்றைக்கு எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று தோன்றும். சொல்ல வேண்டியது பெரிசு, போனில் ஆரம்பித்தால் பாதி விட்டுப்போகும், முப்பது வருஷம் நூலகத்தில் உட்கார்ந்தவளுக்குப் பேனாவைப் பிடித்தால்தான் வாய் திறக்கும். கார் வாங்கி ஆறு வருஷம் ஆகிவிட்டது, பேட்டரி இறங்கியிருக்கும், இதைக் கொடுத்துவிட்டு இன்னும் தூரம் ஓடுகிற புதுசாக மாற்றித் தரவா, அப்பாவிடம் கேட்டுச் சொல் என்று போன வாரம் கேட்டாயே. கேட்டேன். "வேண்டவே வேண்டாம்" என்றார். முன்பு ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் முந்நூறு கிலோமீட்டர் ஓடியது இப்போது இருநூற்று அறுபதுக்கு வந்திருக்கிறது, வாஸ்தவம்தான், ஆனால் எங்களுக்கு அதற்கு மேல் போக ஊரும் இல்லை, உறவும் இல்லை. அவர் வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அப்பாவுக்கும் தெரிந்துதான் எழுதுகிறேன், ஆகையால் பயப்படாமல் படி.

நீ அனுப்பிய கார் வந்து வாசலில் நின்ற அன்று அப்பா அதை நாலு தடவை சுற்றி வந்தார். முன்மூடியைத் தூக்கிப் பார்த்தார், எஞ்சின் இல்லை. பின்னால் போய்க் குனிந்து புகைக்குழாயைத் தேடினார், அதுவும் இல்லை. "தலையும் இல்ல, வாலும் இல்ல, இது எப்படி ஓடும்?" என்றார். நம் எலெக்ட்ரீஷியன் வந்து கொட்டகைச் சுவரில் சார்ஜர் பெட்டியை மாட்டிவிட்டு, குழந்தைகூடத் தொடலாம், ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். குழந்தை தொடலாம், நான் தொடமாட்டேன். முதல் மாதம் முழுக்க ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டுதான் பிளக் பக்கம் போனேன், தூறல் விழுந்தால் அதுவும் கிடையாது, குடையோடு தள்ளி நின்றுகொண்டு அப்பாவை அனுப்பிவைப்பேன். அவருக்கு வேறு வியாதி. திரையில் தெரிகிற சார்ஜ் சதவீதத்தைப் பிள்ளையின் மார்க்கைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார், அறுபதுக்குக் கீழே இறங்கினால் முகம் தொங்கிவிடும். முதல் தூரப் பயணம் உன் அத்தை வீட்டுக்கு, நூற்று இருபது கிலோமீட்டர். ஏசி போடக்கூடாது, பாட்டு போடக்கூடாது, கண்ணாடியை இறக்கினால் காற்று வண்டியைப் பிடித்து இழுக்குமாம், அதுவும் கூடாது. இரண்டு பேரும் ஆவியில் வெந்து போய் இறங்கினோம். அத்தை கதவைத் திறந்து எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன், தள்ளிக்கிட்டே வந்தீங்களா?" என்றார். வண்டியில் ஐம்பத்தெட்டு சதவீதம் மிச்சம் இருந்தது.

அன்று திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. உன் அத்தை என்னை ஏதோ சொல்லிவிட்டார், என்ன என்பது இப்போது வேண்டாம், முடிந்த கதை. நான் வழக்கம்போலக் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு எனக்குள்ளே பேசிக்கொண்டு வந்தேன். வந்தவங்களை உட்காருன்னு சொல்ல வாய் வரல, குத்தம் சொல்ல மட்டும் காது வரைக்கும் நீளுது என்றேன், உதட்டுக்கு வெளியே ஒரு விரற்கடைகூடப் போகாத குரலில். உடனே பக்கத்திலிருந்து, "யாருக்கு வாய் காது வரைக்கும் நீளுது?" என்று கேட்டார் அப்பா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளாக நான் முணுமுணுத்தது ஒன்றும் அவர் காதில் விழுந்ததில்லை. முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அந்தச் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. எனக்கோ நூலகத்தில் அடக்கி அடக்கித் தொண்டை சுருங்கிவிட்டது. அவருக்குக் கேட்காது, எனக்குக் கத்தத் தெரியாது, இப்படித்தான் எங்கள் குடித்தனம் ஓடியது. பழைய பெட்ரோல் கார் வேறு, அச்சகத்துக்குச் சக்கரம் வைத்த மாதிரி. இந்தக் காரில் எஞ்சினும் இல்லை, இரைச்சலும் இல்லை, அவருடைய இடது காது கொஞ்சம் தேவலை, நான் உட்காருவதும் இடது பக்கம். "முப்பது வருஷமா இப்படித்தான் பேசிக்கிட்டே வர்றியா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன், வேறு வழி? கோபப்படுவார் என்று பார்த்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னும் என்னெல்லாம் சொன்னே, ஒண்ணொண்ணா சொல்லு" என்றார். வீடு வந்து சேரும்வரை சொன்னேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு அந்தக் கார்தான் பேசும் அறை. கடைக்கு இரண்டு தெரு நடந்தால் போதும், சுற்றுவழியில் காரில் போவோம். போகப் போக அதுவும் வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் டீயை எடுத்துக்கொண்டு கொட்டகையில் நிற்கிற காரிலேயே போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வோம். எதிர்வீட்டுத் தையற்காரரின் மனைவி ஒருநாள் என்னைத் தனியாக நிறுத்தி, "வீட்டுல ஏதாவது பிரச்சினையா அக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அங்கே உட்கார்ந்துதான் நீ பிறந்த கதையை நான் முழுசாகக் கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து அச்சகத்துக்குத் தகவல் போனபோது அப்பா இயந்திரத்தில் இருந்தார். அந்தக் கூடத்தில் பேச்சே எடுபடாது, எல்லாம் கைஜாடைதான். மேற்பார்வையாளர் வாசலில் நின்று இரண்டு கையையும் சேர்த்துத் தொட்டில்போல ஆட்டினாராம். அப்பா இரண்டு கையையும் விரித்து, என்ன குழந்தை என்று கேட்டாராம். மேற்பார்வையாளர் தன் தோளின் மேலிருந்து இடுப்புவரை விரலால் ஒரு சடையை வரைந்து காட்டினாராம். இயந்திரத்தை விட்டு நகர முடியாது, இன்னும் நாலாயிரம் பிரதி ஓட வேண்டும். அந்த நாலாயிரமும் முடிகிறவரை கூடத்தில் இருந்த பதினாறு பேரும் அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் தோளில் சடையை வரைந்து காட்டிக்கொண்டே இருந்தார்களாம். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ கேக்கலியே" என்றார். நான் கேட்டிருப்பேன், அவருக்குத்தான் கேட்டிருக்காது.

நடுவில் காருக்கு வந்த சீக்கையும் சொல்லிவிடுகிறேன், நீ சர்வீஸ் விவரம் கேட்டிருந்தாய். பிரேக்கைத் திறந்து பார்த்த மெக்கானிக் புதுசு மாதிரியே இருக்கிறது என்று திரும்ப மூடிவிட்டார், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் குறைவதால் தேய்மானம் இல்லையாம். அத்தை ஊர் மலைச்சரிவில் இறங்கும்போது சார்ஜ் இரண்டு சதவீதம் ஏறும், அதில் அப்பாவுக்கு அலாதி சந்தோஷம், "கீழ இறங்கறதுக்குக் கூலி குடுக்கற வண்டி உலகத்துலயே இது ஒண்ணுதான்" என்பார். டயர் மட்டும் மூன்றே வருஷத்தில் வழுக்கையாகிவிட்டது, பேட்டரி பாரம் அப்படி. நாலாம் வருஷம் ஒரு காலையில் கார் கதவே திறக்கவில்லை, திரையும் இருட்டு. ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றிய வண்டி இப்படிப் பிணமாகக் கிடக்கிறதே என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எலெக்ட்ரீஷியன் வந்து முன்மூடிக்குக் கீழே ஒரு செங்கல் அளவு சின்ன பேட்டரியைக் காட்டி, பெரியது நன்றாக இருக்கிறது, இதுதான் போய்விட்டது, இது எழுப்பினால்தான் அது எழும் என்றார். யானை படுத்ததற்கு எறும்பு காரணம். புதுசு போட்டதும் எழுந்துவிட்டது. அதற்கு முந்தின வருஷம்தான் நானும் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, பாதி பயம் போச்சு என்றாள் சொல்லிக்கொடுத்த அம்மாள். மீதி பயம் அப்பாவுக்கு வந்தது. நான் ஓட்டினால் அவருடைய கெட்ட காது என் பக்கம் வந்துவிடும், அதனால் அப்போது மட்டும் நான் நிம்மதியாக யாரையும் திட்டலாம்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமான பகுதி. உனக்கு அப்பாவின் காது கொஞ்சம் மந்தம் என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டோம். எதிரில் நின்று பேசுகிறவரின் வாயைப் பார்த்தும் கையைப் பார்த்தும் பாதியைப் பிடித்துவிடுவார், மீதிக்கு ஒரு "ம்ம்", ஒரு தலையாட்டல். போனில் அந்த வித்தை பலிக்காது. "அவ குரல் வருது, வார்த்தை வரல. ஏதாவது தப்பா பதில் சொல்லிட்டா?" என்று காரில் உட்கார்ந்து ஒருநாள் சொன்னார். அதனால்தான் நீ கூப்பிடும்போதெல்லாம் இந்தா அம்மாகிட்ட பேசு என்று என் கையில் தள்ளிவிட்டுப் போய்விடுவார். போனவர் எங்கும் போகமாட்டார், கதவோரம் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் சிரித்தால் அவரும் சிரிப்பார். வைத்த பிறகு நீ சொன்னதை ஒன்று விடாமல் காரில் வைத்துக் கேட்பார். காதுக்குக் கருவி வைத்துக்கொள்ளலாமே என்றால், "கிழவன்னு காதுல எழுதி மாட்டிக்கணுமா?" என்று முறைப்பார். தூரத்தில் இருக்கிற பெண், அப்பனுக்குக் காது போச்சு என்று கவலைப்பட வேண்டாம், அவளிடம் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் அதைக் காப்பாற்றினேன் பார், அதுதான் நான் செய்த தப்பு. அப்பா ஏன் பேசுவதில்லை என்று நீ கேட்டபோதெல்லாம் குளிக்கிறார், தூங்குகிறார், வெளியே போயிருக்கிறார் என்று சொன்னேன். உன் அப்பாவைப்போல அத்தனை தடவை குளித்த மனுஷன் உலகத்தில் இருக்கமாட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை நீ கூப்பிட்டு ஏதோ சொல்லும்போது நான் அப்புறம் பேசறேன் என்று பட்டென்று வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் எலெக்ட்ரீஷியன் என் புது போனைக் காரோடு இணைத்துக் கொடுத்திருந்தார், பாட்டுக் கேட்க. அழைப்பும் அதில்தான் வரும் என்று எனக்குத் தெரியாது. அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பச்சையை அழுத்திக் காதில் வைத்தேன், உன் குரல் காரின் நாலு மூலையிலிருந்தும் வந்தது. "அம்மா, அப்பா பக்கத்துல இல்லையே?" என்று ஆரம்பித்தாய். நான் திகைத்து வாயைத் திறப்பதற்குள் மடமடவென்று கொட்டிவிட்டாய். ஏர்போர்ட்டில் வைத்து என்மேல் கோபமா அப்பா என்று கேட்டேன், ஆமாம் என்று தலையாட்டினார், ஏழு வருஷமாகியும் அந்தக் கோபம் போகவில்லையா, இங்கேயே வேலை பார் என்றதைக் கேட்காமல் வந்தது அவ்வளவு பெரிய குற்றமா, கார் அனுப்பினேன், நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லையே என்று சொல்லி அழுதாய். எனக்கு எந்தப் பொத்தானை அழுத்தினால் நிற்கும் என்று தெரியவில்லை, கடைசியில் வைத்தேன். அப்பா ஒரு டயர் கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார். இரண்டு கையும் ஸ்டீரிங்கில். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறது. ஏழு வருஷத்தில் உன் குரலை வார்த்தையோடு அவர் கேட்டது அதுதான் முதல் தடவை, கேட்டது இப்படி. "அன்னிக்கு அவ என்ன கேட்டா?" என்றார். உங்களுக்குக் கோபமான்னு கேட்டாளாம், நீங்க தலையாட்டினீங்களாம் என்றேன். அந்த ஏர்போர்ட் கூடத்தில் ஒலிபெருக்கி ஓயாமல் அலறிக்கொண்டிருந்தது உனக்கும் ஞாபகம் இருக்கும். அவர் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஜாக்கிரதையா போயிட்டு வர்றேன்னு அவ சொல்றதா நினைச்சேன்டி" என்றார். நான் அவரை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. அடுத்து, காது பார்க்கும் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அப்போதே வண்டியைத் திருப்பினார்.

அங்கே சத்தம் புகாத ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் சரியாக அழுத்துகிறார். பரிசோதிக்கிற பெண்ணுக்கே ஆச்சரியம். அப்புறம் பார்த்தால் கண்ணாடி வழியாக அவள் கை கருவியைத் தொடும்போதெல்லாம் இவர் அழுத்துகிறார், அச்சகத்துப் புத்தி எங்கே போகும்? நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டாள், குட்டு உடைந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் இரண்டு காதுக்கும் கருவி வந்தது, கடுக்காய் அளவுகூட இல்லை. மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர் தெருவிலேயே நின்றுவிட்டார். ஒரு அம்மாள் குப்பை பெருக்கிக்கொண்டிருந்தாள், அதைக் காட்டி, "இதுக்கெல்லாமா சத்தம் இருக்கு?" என்றார். வீட்டில் வந்து ஃப்ரிஜ்ஜைத் தொட்டுப் பார்த்தார், சத்தம் போடுகிற தன் செருப்பைத் தானே திட்டினார், நான் வெங்காயம் நறுக்கினால்கூட எட்டிப் பார்க்கிறார். மறுநாள் காலை காரைக் கொட்டகையிலிருந்து மெதுவாக வெளியே எடுத்தவர் பதறிப்போய் நிறுத்தி, வண்டியில் ஏதோ கோளாறு, அடியில் ஒரு ரீங்காரம் கேட்கிறது, பேட்டரிதான் போகப்போகிறது என்றார். நான் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். அவர் ஓடிவந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஐயா, மெதுவா போகும்போது நடந்து போறவங்களுக்குத் தெரியட்டும்னு கம்பெனியே வச்ச சத்தம் இது. ஆறு வருஷமா இருக்கு" என்றார். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் பாட்டுக்கு இதைச் சத்தமே இல்லாத வண்டின்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேனே" என்றார். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்ததைக் கேட்டு எதிர்வீட்டுத் தையல் இயந்திரமே நின்றுவிட்டது.

போனில் பேசக் கொஞ்சம் பழக வேண்டும், சத்தம் முதலில் கூர்மையாகக் குத்தும் என்றாள் காதைப் பரிசோதித்த பெண். அதனால் முதலில் உன் அத்தையோடு ஒத்திகை பார்த்தார். அத்தை ஒன்றேகால் மணி நேரம் பேசினார். வைத்துவிட்டு, "கேக்காம இருந்தப்பவே நல்லாத்தான் இருந்தது" என்றார், ஆனால் முகமெல்லாம் பூரிப்பு. உன்னோடு தானே பேசப்போகிறாராம், அதற்கு முன்னால் அந்த ஏர்போர்ட் விஷயத்தை மட்டும் நீ எழுதிடு, எனக்கு அதைச் சொல்ல வராது என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். எழுதிவிட்டேன். அவருக்கு உன்மேல் அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. நீ அனுப்பிய காரை இந்த ஆறு வருஷத்தில் வேறு ஒருவர் கழுவ அவர் விட்டதில்லை, என்னையும் சேர்த்து. பிசகு எங்களுடையது, ஏழு வருஷம் உன்னைத் தவிக்கவிட்டோம், பெற்றவர்கள் என்று பார்த்துப் பொறுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். குளிர் ஆரம்பித்தால் காதை மூடிக்கொண்டு போ, நம் வீட்டில் காதின் அருமை தெரிந்த பிறகாவது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எண்ணுக்குக் கூப்பிடு, என் எண்ணுக்கு வேண்டாம். கத்த வேண்டாம், சாதாரணமாகப் பேசினாலே போதும். எடுத்தவுடன் ஒரு பேச்சும் வராவிட்டால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே, அழுதுகொண்டிருப்பார். கொஞ்சம் பொறு, பேசுவார்.

இப்படிக்கு,
என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா